ஜிலேபி வந்த பாதை

பங்குனி வெயிலில் போடி மீனாட்சியம்மன் கண்மாய்க் கரையிலோ பங்காருசாமி கண்மாய்க் கரையிலோ நின்று பாருங்கள். தண்ணீர் பின்வாங்கிய இடத்தில், வெடிக்கத் தொடங்கிய வண்டலில், வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். சாப்பாட்டுத் தட்டு அகலம். பந்தியில் இலை போட்ட மாதிரி பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். மாடு மிதித்த தடமும் இல்லை, பிள்ளைகள் தோண்டியதும் இல்லை. ஒரு மீன் வாயால் மண்ணை அள்ளி அள்ளித் துப்பிக் கட்டிய வீடு அது. மாசியில் அங்கே தண்ணீர் நின்றபோது, குழிக்கு ஒரு கறுத்த ஆண் மீன் காவல் இருந்திருக்கும்.

அந்த மீன்தான் ஜிலேபி. தேனி மாவட்டத்தில் அயிரைக்கும் விராலுக்கும் இருக்கிற மரியாதை இதற்குக் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலில் அதிகம் ஏறுவது இதுதான். ஊர்க்காரன் போலவே பழகிவிட்ட இந்த மீனின் பூர்வீகம் ஆப்பிரிக்கா.

ஜாம்பெசி ஆறும் அதைச் சுற்றிய கிழக்குக் கரை ஆறுகளும் இதன் தாய்வீடு. மொசாம்பிக்கிலிருந்து கொண்டுபோன மீன்களைப் பார்த்து, 1852-இல் ஜெர்மானிய விஞ்ஞானி வில்ஹெல்ம் பீட்டர்ஸ் இதை அறிவியல் ஏட்டில் ஏற்றினார். திலேப்பியா என்ற பெயரே தென்னாப்பிரிக்காவின் ஸ்வானா மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் நாக்கில் உருண்டு ஜிலேபி ஆனது. மலை தாண்டினால் கேரளத்தில் பிலோப்பி.

ஆப்பிரிக்க மீன் ஆசியாவில் எப்படிக் கரையேறியது என்பதற்கு ஒழுங்கான பதிவு இல்லை. 1930-களில் கிழக்கு ஜாவாவின் தென்கரையில், முஜாயிர் என்ற மீன் வளர்ப்பவர் கடலோரக் கழிமுகத்தில் சில மீன்களைக் கண்டார். குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் அதிசயத்தைப் பார்த்து வீட்டுக் குளத்துக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீருக்குப் பழக்கினார். இந்தோனேசியாவில் இன்றும் இந்த மீனுக்கு அவர் பெயர்தான். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய பஞ்சத்தில் இது தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியது. சொற்பத் தண்ணீர், பாசியும் அழுகலும் தீனி, சில மாதங்களில் அடுத்த தலைமுறை. ஏழைக்கு இதைவிடத் தோதான மீன் ஏது என்று பல அரசுகள் நினைத்தன.

இந்தியாவுக்கு வந்தது 1952-இல். பாங்காக்கிலிருந்து ஒரு கூட்டம், இலங்கையிலிருந்து இன்னொரு கூட்டம். மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் பணிக்கர், தம்பி என்ற இருவரும் இந்த வாய்க்காப்பு மீனைப் பற்றி 1954-இல் கட்டுரை எழுதினார்கள். தமிழ்நாட்டின் குளங்களிலும் அணைகளிலும் மளமளவென்று இறங்கிய மீனைப் பார்த்து சீக்கிரமே பயம் பிடித்தது. கட்லாவும் ரோகுவும் வளர வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவு ஜிலேபிகள் மொய்த்தன. 1959-இல் இதைப் பரப்பத் தடை வந்தது. அதே ஆண்டுதான் வைகை அணையும் பயன்பாட்டுக்கு வந்தது. தடை காகிதத்தில் இருந்தது. மீன் தண்ணீரில் இருந்தது. அமராவதி அணையில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு ஜிலேபி என்ற நிலை வந்தது.

தடையை மீறிய வித்தை அதன் வாயில் இருக்கிறது. ஆண் குழி தோண்டி, உடம்பு கறுத்து, தாடை வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்து மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். பெண் வந்து குழியில் முட்டையிட்டு, அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். முட்டை வாயிலேயே பொரியும். குஞ்சுகள் வெளியே மேயப் பழகிய பிறகும், ஆபத்து என்றால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். அதுவரை தாய்க்கு அநேகமாகப் பட்டினிதான். ஆயிரக்கணக்கில் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும் கெண்டைகளோடு ஒப்பிட்டால் இது சில நூறுதான் இடும். ஆனால் பிழைப்பவை அதிகம்.

இந்தக் குடும்பப் பாசம்தான் தூண்டில்காரனுக்கும் தோது. அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்றொரு மீன் உண்டு. பனி விலகித் தண்ணீர் சூடேறும் வசந்தத் தொடக்கத்தில் அது கரையோரம் வந்து கூடு கட்டும்போது அங்கே கூட்டம் கூட்டமாகத் தூண்டிலோடு இறங்குவார்கள். நமக்கு அந்தப் பருவம் தைக்குளிர் போன பிறகு வரும் மாசி. குளிரில் ஆழத்தில் கிடந்த ஜிலேபி, வெயில் ஏற ஏற முழங்கால் தண்ணீருக்கு வரும்.

வாரம் ஆறு நாள் விடியலில் ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஒருவரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் பார்த்தேன். மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை.

“என்ன மாமா, கடிக்குதா?”

“சத்தம் போடாம உக்காரு மாப்ள. ஒன் நெழலு தண்ணியில விழுகுது பாரு.”

அதுதான் முதல் பாடம். வெயில் முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார வேண்டும். நிழல் முதுகுப்பக்கம் விழ வேண்டும். இரண்டாவது பாடம் முள். ஜிலேபிக்கு வாய் சிறிது. விரால் முள்ளைப் போட்டால் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். சின்ன முள்ளில் மண்புழுத் துண்டை நுனி மறையக் கோத்தார். புழு தீர்ந்ததும் மைதா மாவு. தண்ணீரில் கரையாமல் நிற்க, மாவில் துளி பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்திருந்தார். ஈயக்குண்டு மிளகு அளவு. இரை குழிக்கு மேல் தரையை ஒட்டி நிற்கிற மாதிரி தக்கையை ஏற்றி இறக்கி அளவு பார்த்தார்.

தக்கை அமுங்கவில்லை. நின்ற இடத்தில் இரண்டு முறை நடுங்கி, பக்கவாட்டில் நகர்ந்தது. அப்போதும் அவர் வெடுக்கென்று இழுக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு. கறுத்த ஆண் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது. குழிக் காவலில் இருக்கும் ஆண், தன் குழியில் விழுந்த எதையும் பசியில்லாவிட்டாலும் கவ்வி வெளியே எறியப் பார்க்கும். புழு அந்தக் கோபத்துக்கு வைத்த பொறி. வாயில் குஞ்சு வைத்திருக்கும் பெண் அருகிலேயே இருந்தாலும் இரையைச் சீண்டாது. அதனால் குழி மேல் போடும் தூண்டிலில் வருவது பெரும்பாலும் ஆண்கள். ஒன்று போனால் இன்னொரு ஆண் அந்தக் குழிக்கு வந்துவிடும். தூண்டில் போட்டு ஜிலேபியை ஒழித்த கண்மாய் கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. முதுகு முள் கையைக் கிழிக்கும்; செதில் கெட்டி. வயிற்றைக் கீறினால் உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுத்து, கல் உப்பும் புளியும் போட்டு உரசிக் கழுவினால்தான் சேற்று வாடை போகும். பிறகு மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டுப் பொரித்துவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை.

மலைக்கு மேலே கதை வேறு. மூணாறுப் பக்கம் தேயிலைத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காக டிரவுட் மீனைக் கொண்டுவந்து உயர்ந்த ஓடைகளில் விட்டார்கள். அதற்குக் குளிர்ந்த, தெளிந்த நீர் வேண்டும்; கீழே இறங்கினால் பிழைக்காது. ஜிலேபிக்கு அந்தப் பவிசெல்லாம் இல்லை. கலங்கல், வெப்பம், உப்பு எல்லாவற்றையும் தாங்கும்; கடுங்குளிர் ஒன்றுதான் ஆகாது. 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்குக்கும், பின்னாளில் வைகை அணைக்கும் தண்ணீர் தரும் பெரியாறு ஏரியிலேயே அது குடியேறிவிட்டது. உலகில் வேறெங்கும் இல்லாமல் பெரியாற்றில் மட்டும் வாழும் மீன்கள் அங்கே உண்டு. 1941-இல் சுந்தரராஜ் பெயரிட்ட லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் அவற்றில் ஒன்று. சாதாக் கெண்டையும் ஜிலேபியும் அவற்றின் தீனிக்கும் இடத்துக்கும் போட்டி என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள்.

குரங்கணிக்கு மேலே கொட்டகுடி ஆற்றின் பாறை ஓடைகளில் இன்னும் நம் சொந்தச் சிறு மீன்கள் பாசி சுரண்டிக்கொண்டிருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து போடி வரை இந்த மீன் வந்த பாதையின் முக்கியமான திருப்பங்களில் எல்லாம் மனிதன் கையில் ஒரு பாத்திரம் இருந்தது. ஆகவே குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மாசி வெயிலில் கண்மாயில் தூண்டில் போடுங்கள். பிடித்த ஜிலேபியைத் திரும்பத் தண்ணீரில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரித்துச் சாப்பிடுங்கள். உயிரோடு ஒரு வாளியில் போட்டு மலைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.