மலையேறிச் சென்ற மருத்துவம்

தமிழகத் திருச்சபையின் மருத்துவப் பணியைக் குறித்துப் பேசுவோர், 1838-இல் நெய்யூரில் தொடங்கிய பணியையும், 1900-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய பணியையும் முதலில் எடுத்துரைப்பது வழக்கம். அது தகுதியானதே. எனினும் மருத்துவமனையைத் தேடிவர இயலாத மக்களுக்கு நலம் எவ்வாறு சென்றடைந்தது என்பது வேறொரு வினா. ஜலகண்டாபுரம் போன்ற நெசவூர்களில் ஊழியம் செய்வோர் அதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பழைய சேலம் மாவட்டத்தின் கொல்லிமலையே அவ்விடையைத் தருகிறது.

1913-இல் ஜெஸ்ஸி பிராண்டும் அவர்தம் துணைவியார் ஈவ்லின் அம்மையாரும் சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி, வாழவந்தியில் குடியமர்ந்தனர். அங்கு வாழ்ந்தோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். சாலையில்லை, மலைக்காய்ச்சல் கடுமையாக இருந்தது, சமவெளியினர் அம்மலைக்கு அஞ்சினர். ஜெஸ்ஸி பிராண்ட் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். வெப்பநாட்டு நோய்களைக் குறித்துச் சிறிதுகாலம் பயின்றவர். கட்டடத் தொழிலும் அறிந்தவர். அவர் பல் பிடுங்கினார், புண்களுக்கு மருந்திட்டார், வீடு கட்டவும் கற்பித்தார்.

அன்று மக்களை வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி எனப்பட்ட கினிப் புழு நோய். காலில் கொப்புளம் எழும்பி, நூல் போன்ற நீண்ட புழு வெளிவரும். அதனைச் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றியே எடுக்க வேண்டும். அறுந்தால் புண் சீழ்வைக்கும். நோயுற்றவர் நீர்நிலையில் கால் வைக்கும்போது புழுவின் குஞ்சுகள் நீரில் கலந்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீர்ப்பூச்சிகளுள் புகுகின்றன. அந்நீரைப் பருகுவோரை நோய் பற்றுகிறது. இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. நீரில் இறங்காமல் மொள்வதும், துணியில் வடிகட்டிக் குடிப்பதுமே காப்பு. ஆகவே ஜெஸ்ஸி பிராண்ட் புழுவை எடுப்பதோடு நில்லாமல், தூய நீரைக் குறித்தும் போதித்தார். இந்தியாவில் இந்நோயின் கடைசி நேர்வு 1996-இல் காணப்பட்டது. 2000-இல் நாடு இந்நோயினின்று விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. வடிதுணியும் காக்கப்பட்ட கிணறும் பொறுமையான போதனையும் பெற்ற வெற்றி அது.

பல ஆண்டுகள் உழைத்தும் மலையில் திருமுழுக்குப் பெற்றோர் எவருமிலர். பணியை எதிர்த்தோருள் உள்ளூர்ப் பூசாரியும் ஒருவர். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சல் மலையையும் தாக்கியது. பிராண்ட் தம்பதியர் வீடுவீடாகக் கஞ்சி சுமந்து சென்று ஊட்டினர். இறக்குந்தறுவாயில் அப்பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். மலைச்சபையின் தொடக்கம் அங்கே அமைந்தது.

இந்நிகழ்ச்சியைப் பிரசங்கிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கஞ்சியானது மனமாற்றத்திற்கு விலையாகக் கொடுக்கப்பட்டதன்று. பலன் காணாத ஆண்டுகளிலும் மருந்து நிறுத்தப்படவில்லை. லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் குணமாக்கிய பதின்மருள் திரும்பிவந்தவன் ஒருவனே, அவனும் சமாரியன். மற்ற ஒன்பதின்மரின் சுகம் திரும்பப் பெறப்படவில்லை. சிறுமைப்படுத்தப்பட்ட மக்களின் வறுமையை வாய்ப்பாகக் கொள்ளும் மருத்துவம் நற்செய்திக்கே இழுக்காகும்.

1929-இல் கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் மறைந்தார். ஈவ்லின் அம்மையாரோ, சங்கம் ஓய்வளித்த பின்பும் மலைக்கே திரும்பி முதுமையிலும் உழைத்து, 1974-இல் தம் 95-ஆம் வயதில் உயிர்நீத்தார். 1914-இல் இக்குடும்பத்தில் பிறந்த மகன் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் சீராக்கும் பணியை வேலூரில் வளர்த்தார்.

ஆயினும் ஓரிருவரையே சார்ந்த பணி அவர்களோடு தளரக்கூடும். பழைய சேலம் மாவட்டத்தினின்று 1965-இல் பிரிந்த தருமபுரியின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இதற்கு மறுமொழி கூறுகிறது. மருத்துவர்களான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் அங்கே கூரைக் குடிலில் சிகிச்சையைத் தொடங்கினர். அக்காலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் மாண்டன. அவர்கள் பழங்குடிப் பெண்களையே நலப்பணியாளராகப் பயிற்றினர். குழந்தை இறப்பு பன்மடங்கு குறைந்தது. பின்னர் உழவர் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூவேலைத் தொழிலும் அங்கே எழுந்தன. பிழைப்பு நலியுமிடத்தில் உடல்நலம் நிலைக்காது என்பதைத் தறியோடு வாழும் நம் சபையார் நன்கறிவர்.

இன்று அரசும் வீடுதேடி வருகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு சபையும் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. போதகர் கிராமச் செவிலியரை அறிந்திருக்கட்டும். சாதிச் சான்றிதழோ காப்பீட்டு அட்டையோ இன்றி மருத்துவமனை வாயிலில் தயங்குவோருக்கு, அவர் எம்மதத்தவராயினும், துணை செல்லட்டும். இறையியல் மாணாக்கர் தம் பயிற்சிக் காலத்தில், தம் ஊரில் எவர் மருத்துவமின்றி விடப்படுகின்றனர் என்பதைத் தெருத்தெருவாகக் கேட்டறிவார்களாக. வாழவந்திப் பணியும் அவ்வாறு நடந்து சென்றே வளர்ந்தது.