கருவியின் இருப்பும் பயன்பாட்டின் ஆழமும்: திருத்தணிப் பகுதிச் சிறுதொழில்களை முன்வைத்து டிஜிட்டல் அளவீடு பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாட்டின் தொழில் நிறுவனங்கள் டிஜிட்டல் தொழில்நுட்பங்களை எந்த அளவுக்குக் கைக்கொண்டுள்ளன என்பதை அறிய இன்று வழங்கும் அளவுகோல்களில் பெரும்பாலானவை, குறிப்பிட்ட கருவி நிறுவனத்தில் இருக்கிறதா என்று கேட்கின்றன. அக்கருவி எந்த வேலையைச் செய்கிறது, அவ்வேலையில் எவ்வளவு பங்கை ஏற்றிருக்கிறது, அதனால் பிறக்கும் பதிவு யார் கையில் தங்குகிறது என்னும் கேள்விகளை அவை கேட்பதில்லை. பணம் வாங்கும் வழி மாறியதையே தொழில் நடத்தும் முறை மாறியதாகக் கொள்ளும் பிழை இவ்விடத்தில்தான் தோன்றுகிறது. இந்தியா போன்று மிகச் சிறிய நிறுவனங்கள் நிறைந்த நாட்டில் இப்பிழை சிறியதன்று. கடனுதவி, பயிற்சி, மானியம் ஆகியவற்றை யாருக்கு எங்கே தருவது என்ற முடிவுகளையே அது திசைதிருப்பிவிடக்கூடும். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கோரத்தில், ஆந்திர எல்லைக்கு அருகில் அமைந்த திருத்தணி, பள்ளிப்பட்டு, திருவாலங்காடு, மணவூர் ஆகிய ஊர்களின் தொழில்களை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

உலக அளவிலான குறியீட்டெண்களை முதலில் நோக்கலாம். உலக வங்கி தனது 2016ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கையையொட்டி உருவாக்கிய டிஜிட்டல் கைக்கொள்ளல் குறியீட்டெண், மக்கள், அரசு, வணிகம் என்னும் மூன்று பிரிவுகளின் சராசரியாகும். அதன் வணிகப் பிரிவு நான்கு கூறுகளைக் கொண்டது: இணையதளம் வைத்திருக்கும் நிறுவனங்களின் விழுக்காடு, பாதுகாப்பான சர்வர்களின் எண்ணிக்கை, பதிவிறக்க வேகம், மூன்றாம் தலைமுறை அலைபேசிச் சேவை எட்டும் பரப்பு. இவற்றுள் முதலாவது மட்டுமே நிறுவனங்களின் நடத்தையைப் பற்றியது. ஏனையவை நாட்டில் என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்வனவே அன்றி, கிடைப்பதை வணிகர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்வன அல்ல. அந்த முதற்கூறும் இன்று பொருத்தமிழந்து வருகிறது. வாட்ஸ்அப் பிசினஸ் 2018இல் வந்த பின், சரக்கின் படத்தை அனுப்பி, விலை பேசி, ஆர்டர் வாங்கும் சிறு வணிகருக்குத் தனி இணையதளத்தின் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. குறியீட்டெண்ணிலோ அவர் கைக்கொள்ளாதவராகவே நிற்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் செறிவுக் குறியீட்டெண் இதைவிடச் செம்மையானது. பன்னிரண்டு தொழில்நுட்பப் பயன்பாடுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் குறைந்தது நான்கைப் பயன்படுத்தும் நிறுவனத்தை அடிப்படை நிலையை எட்டியதாக அது கொள்கிறது. 2030க்குள் சிறு, நடுத்தர நிறுவனங்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இந்நிலையை எட்டவேண்டும் என்பது ஒன்றியத்தின் இலக்கு. ஆனால் இக்கணக்குக்கு அடிப்படையான ஆய்வு, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இந்த வரம்பை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியப் புள்ளிவிவரங்களே காட்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் கூட்டுருவாக்கம் பெறாத தொழில்களுக்கான ஆண்டு ஆய்வு, அதாவது கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறாத, வேளாண்மையும் கட்டுமானமும் அல்லாத உற்பத்தி, வணிக, சேவை நிறுவனங்களின் ஆய்வு, 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரையிலான காலத்தில் 7.34 கோடி நிறுவனங்களையும் அவற்றில் 12.06 கோடிப் பணியாளர்களையும் மதிப்பிட்டது. ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக இரண்டு பேர்கூட இல்லை. பத்துப் பேர் வரம்பை வைத்தால் இக்கோடிகள் அநேகமாக முழுவதுமாக அளவீட்டின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். எஞ்சும் சிறுபான்மையின் நிலை நாட்டின் நிலையாகப் பேசப்படும்.

இந்திய ஆய்வின் பெருஞ்சிறப்பு அது இக்கோடிகளை விட்டுவிடாமல் எண்ணுவது. தொழிலுக்காக இணையத்தைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் பங்கு 2022-23இல் 21.1 விழுக்காடாக இருந்து 2023-24இல் 26.7 விழுக்காடாக உயர்ந்தது என்ற முடிவு இந்த ஆய்விலிருந்தே கிடைத்தது. ஓராண்டில் இத்தகைய உயர்வு மகிழ்ச்சிக்குரியதே. எனினும் வெளியீடுகளில் முன்னிறுத்தப்படும் இந்த ஒற்றை எண், இணையத்தில் கணக்கு வைத்துக் கொள்முதலைத் திட்டமிடும் நிறுவனத்தையும், மொத்த வியாபாரியின் விலைப்பட்டியலைச் செல்பேசியில் பார்ப்பதோடு நின்றுவிடும் கடையையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

கைக்கொள்ளலை அளப்பதில் ஆழம் எவ்வளவு முக்கியம் என்பது பொருளியலுக்குப் புதிய செய்தியன்று. அமெரிக்க விவசாயிகளிடையே கலப்பின மக்காச்சோளம் பரவியதைப் பற்றி ஸ்வி கிரிலிக்ஸ் 1957இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் மூலக்கல்லாகக் கருதப்படுகிறது. புது விதையை ஒருமுறையேனும் விதைத்துப் பார்த்த விவசாயிகள் எத்தனை பேர் என்று அவர் எண்ணவில்லை. மக்காச்சோளம் பயிரான மொத்தப் பரப்பில் கலப்பின விதை விதைக்கப்பட்ட பரப்பின் விழுக்காட்டையே எடுத்துக்கொண்டு, பரவல் எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாக ஏறியது, எந்த உச்சத்தில் நின்றது என்று மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தார். அவர் அன்று காட்டிய கவனம், அறுபது ஆண்டுகள் கழித்துக் கணினிக்கும் செல்பேசிக்கும் அளவுகோல் வகுத்தவர்களிடம் பெரிதும் காணப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

இக்குறையை நீக்க முயன்றவற்றுள் குறிப்பிடத்தக்கது உலக வங்கி ஆய்வாளர்களான சிரேரா, குரூஸ் ஆகியோரும் பொருளியலறிஞர் கோமினும் வடிவமைத்த நிறுவன அளவிலான தொழில்நுட்ப ஆய்வு. 2022இல் நூலாக வெளிவந்த அதன் முடிவுகளில் தமிழ்நாடும் உத்தரப் பிரதேசமும் இடம்பெற்றுள்ளமை இங்கு சிறப்பாகக் கருதத்தக்கது. அந்த ஆய்வு நிறுவனத்தை ஒரே பொருளாகக் கொள்ளாமல், நிர்வாகம், திட்டமிடல், கொள்முதல், சந்தைப்படுத்தல், விற்பனை, பணம் பெறுதலும் செலுத்துதலும், தரக் கட்டுப்பாடு என்று வேலைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்விகள் உண்டு: அந்த வேலைக்கு நிறுவனத்திடம் உள்ள மிக முன்னேறிய முறை எது; நாள்தோறும் மிகுதியாகக் கையாளப்படும் முறை எது. இவ்விரண்டு விடைகளுக்கும் இடையே பெரும் இடைவெளி இருப்பதும், முன்னேறிய முறையை வாங்கி வைத்துக்கொண்டே பழைய முறையில் வேலையை நடத்தும் நிறுவனங்கள் மிகப் பலவாக இருப்பதும் அந்த ஆய்வின் மையமான முடிவுகள். ஆயினும் அதுவும் ஐந்து பேருக்குக் குறைவான நிறுவனங்களைச் சேர்க்கவில்லை. ஆழத்தை அளந்த ஆய்வு சிறியோரை விட்டுவிட்டது. சிறியோரை எண்ணிய ஆய்வின் முதன்மை எண் ஆழத்தைக் காட்டவில்லை.

வேலை வேலையாகப் பிரித்துப் பார்ப்பதன் பயனை, சென்னை – அரக்கோணம் இருப்புப் பாதையில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையமான மணவூர் போன்ற ஊரின் மளிகைக் கடை ஒன்றைக் கொண்டு விளக்கலாம். தராசின் பக்கவாட்டில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கும். பணம் வந்து சேர்ந்ததை அறிவிக்கும் ஒலிப்பெட்டி கல்லாவின் மேல் இருக்கும். பணம் பெறும் வேலையில் இக்கடை பெருநகரக் கடைக்குச் சற்றும் பின்தங்கியதன்று. கொள்முதலுக்கு வந்தால், வாரந்தோறும் வரும் நிறுவனப் பிரதிநிதி தம் செல்பேசிச் செயலியில் ஆர்டரைப் பதிந்து செல்வார். பதிவு டிஜிட்டல்தான், ஆனால் அது கடைக்காரரிடம் இல்லை, நிறுவனத்திடம் இருக்கிறது. எந்தச் சரக்கு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அந்நிறுவனம் எண்களாக அறியும், கடைக்காரர் கைப்பழக்கத்தால் அறிவார். வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடன் நீள நோட்டில் பெயர்வாரியாக எழுதப்பட்டிருக்கும். சம்பள நாளில் கோடு போட்டு அடிக்கப்படும். இருப்புக் கணக்கு அலமாரியைப் பார்த்துச் சொல்லப்படும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால், மாதக் கடைசியில் பில்களைக் கட்டாகக் கட்டி வரிக் கணக்கரிடம் கொடுக்கப்படும். படிவம் இணையத்தில் ஏறும், கடையில் கணினி இராது. யுபிஐ இணைந்துள்ள வங்கிக் கணக்கு மகனுடையதாக இருப்பதும் உண்டு. அந்நிலையில் விற்பனையின் ஒரே டிஜிட்டல் பதிவு மகனின் செல்பேசியில் மற்றச் செலவுகளோடு கலந்துகிடக்கும்.

இக்கடையைக் கைக்கொண்டது என்பதா, கைக்கொள்ளாதது என்பதா? ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றைக் கோரும் அளவுகோல் ஆம் என்றே பதிவுசெய்யும். ஆனால் கடைக்காரருக்கு எது முக்கியமோ அது இந்த விடையில் இல்லை. முறையான விற்பனைப் பதிவு அவர் பெயரிலேயே இருந்தால், தண்டல்காரரிடம் நாள்தவணையில் வாங்கும் கடனுக்குப் பதில் வங்கியில் நடைமுறை மூலதனம் கேட்க அவருக்கு ஒரு சான்று கிடைக்கும். பணம் பெறும் வேலை மட்டும் இவ்வளவு விரைந்து மாறியதற்குக் காரணமும் வெளிப்படையானது: 2016இல் யுபிஐ தொடங்கியது, அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது, 2020 ஜனவரி முதல் யுபிஐ வழிப் பணத்துக்கு வணிகரிடம் தள்ளுபடிக் கட்டணம் வாங்கப்படுவதில்லை, செயலியை நிறுவிக் கற்றுக்கொள்ளும் சுமையை வாடிக்கையாளரே ஏற்றார். கடன் கணக்கையும் சரக்கிருப்பையும் மாற்றும் சுமையோ முழுவதும் கடைக்காரருடையது. ஆகவே ஒரு வேலையின் வேகத்தைக் கொண்டு மற்ற வேலைகளின் வேகத்தைக் கணிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் வட்டாரத்து விசைத்தறிகள் வேறொரு பாடம் தருகின்றன. இங்குக் கூலி நெசவே பெருவழக்கு: நூலை முதலாளி கொடுப்பார், தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி பெறுவார். நெய்யவேண்டிய துணிக் கட்டத்தின் வண்ண வரிசை வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. கூலியும் செல்பேசி வழியே வந்துவிடலாம். ஓடும் தறியோ பழைய நாடாத் தறி. எந்த ரகம் நெய்வது, எவ்வளவு நெய்வது, எந்தச் சந்தைக்கு அனுப்புவது என்ற முடிவுகளில் தறிக்காரருக்குப் பங்கில்லாதபோது, இணையத்தால் மாறியது கட்டளை வந்துசேரும் வேகமே அன்றி அவருடைய பேரம்பேசும் வலிமை அன்று. நிறுவனத்தின் தற்சார்பு பற்றிய ஒரு கேள்வி இல்லாமல் கூலி நெசவுக்கான எந்த டிஜிட்டல் அளவீடும் முழுமையாகாது.

அரசிடம் ஏற்கெனவே உள்ள பதிவேடுகளைக் கொண்டே கைக்கொள்ளலை மதிப்பிடலாமே, தனி ஆய்வு எதற்கு என்ற வாதம் உண்டு. ஜிஎஸ்டி பதிவு, மின்வழிச்சீட்டு, யுபிஐ எண்ணிக்கை ஆகியவை உடனுக்குடன் கிடைப்பவை, செலவில்லாதவை. ஆனால் இப்பதிவேடுகள் சட்டத்தின் நிழலையும் சேர்த்தே அளக்கின்றன என்பதைத் திருத்தணி தெளிவாகக் காட்டுகிறது. ஆந்திரத்திலிருந்த இப்பகுதி, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்புபவருக்கு, கைவினைப் பொருள் முதலிய சில விலக்குகள் நீங்கலாக, இந்த வரம்புச் சலுகை கிடையாது. திருத்தணியிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள மதுரைக்குச் சரக்கு அனுப்பும் சிறு வணிகர் பதிவின்றி இருக்கலாம். பக்கத்திலுள்ள நகரிக்கு அனுப்புபவர் பதிந்தே ஆகவேண்டும். 2023 அக்டோபர் முதல் பதிவில்லாத சிறு விற்பனையாளரும் மின்வணிகத் தளங்களில் விற்கலாம் என்ற தளர்வும் மாநிலத்துக்குள் விற்பவருக்கே உரியது. எனவே இங்குப் பதிவு கூடியிருந்தால் அது எல்லையின் விளைவாக இருக்கலாம். இணைய விற்பனை குறைந்திருந்தால் அதுவும் எல்லையின் விளைவாக இருக்கலாம். இரண்டையும் வணிகரின் ஆர்வத்துக்கோ அறியாமைக்கோ கணக்கெழுதுவது தவறு.

யுபிஐ தரவுக்கும் இத்தகைய வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் பணப்பரிமாற்றக் குறியீட்டெண், 2018 மார்ச்சை 100 எனக் கொண்டு, 2024 மார்ச்சில் 445.5ஐ எட்டியது. இது பணப்பரிமாற்ற முறையின் வளர்ச்சியைத் துல்லியமாகச் சொல்லும் எண். தொழில்களின் மாற்றத்தைச் சொல்ல அது வகுக்கப்படவில்லை, அப்படி மேற்கோள் காட்டுவது அதற்கே செய்யும் அநீதி. மேலும், குறியீட்டெண்கள் கைக்கொள்ளலை ஒருமுறை ஏறினால் இறங்காத படியாகக் கொள்கின்றன. 2025 ஜூலையில், யுபிஐ வழி வந்த தொகைகளை அடிப்படையாகக் கொண்டு கர்நாடக வணிகவரித் துறை சிறு வணிகர்களுக்கு அறிவிக்கை அனுப்பியபோது, பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தன. கருவி கையில் இருந்தது, பழக்கமும் இருந்தது, நம்பிக்கை போயிற்று. கைவிடலையும் எண்ணாத அளவீடு இத்தகைய பின்னடைவைக் காணவே காணாது.

வேலைவாரியான கேள்விகள் நீளமானவை, இரண்டு பேர் நடத்தும் கடையில் அவற்றைக் கேட்டு முடிப்பது கடினம், நாடுகளுக்கிடையே ஒப்பிடவும் இயலாது என்ற மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. களப்பணியாளரின் நேரமும் கடைக்காரரின் பொறுமையும் அளவுடையவை. ஆனால் ஏழு வேலைகளையும் எல்லாரிடமும் கேட்கவேண்டியதில்லை. கடன் விற்பனையின் கணக்கு எதில் எழுதப்படுகிறது, சரக்கு வாங்கும் முடிவு எதைப் பார்த்து எடுக்கப்படுகிறது, விற்பனைப் பதிவு யார் பெயரிலுள்ள கணக்கில் சேர்கிறது, கடந்த ஓராண்டில் கைவிடப்பட்ட கருவி எது என்னும் நான்கு கேள்விகள், இப்போதுள்ள இணையப் பயன்பாட்டுக் கேள்வியோடு சேர்ந்தால், மணவூர் மளிகைக் கடையையும் பொதட்டூர்பேட்டைத் தறிக்கூடத்தையும் அவற்றின் உண்மை நிலையில் காட்டப் போதும். ஒப்பீட்டைப் பொறுத்தவரை, எண்ணப்படாதவர்களை விட்டுவிட்டுச் செய்யும் ஒப்பீடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனற்றது.

இதற்கான வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் தேசிய மாதிரி ஆய்வுகளில் மாவட்டமே அடிப்படைப் பகுப்பாக ஆக்கப்பட்டுள்ளதால், மாவட்ட அளவிலான மதிப்பீடுகளுக்கு வழி திறந்துள்ளது. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் சராசரி எண் மட்டும் போதாது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளும், திருவாலங்காட்டிலுள்ள திருத்தணிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் தொழிற்சாலைகளுக்கான ஆண்டு ஆய்வில் அடங்குபவை. திருத்தணி மலையடிவாரத்துப் பூக்கடைகளும் பள்ளிப்பட்டுத் தறிகளும் முன்சொன்ன கூட்டுருவாக்கம் பெறாத தொழில்களுக்கான ஆய்வில் அடங்குபவை. கூட்டுருவாக்கம் பெறாத சிறுதொழில்களுக்குள்ளேயே சென்னையை ஒட்டிய ஆவடியும் எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டும் ஒரே சராசரிக்குள் கலந்தால் இரண்டின் உண்மையும் கெடும். தமிழ்நாட்டுப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை, அடுத்து வரும் ஆய்வுச் சுற்றில் மாநில மாதிரியைக் கூட்டி, மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் சேர்த்து, முடிவுகளை நெசவு வட்டாரங்களுக்கும் எல்லையோர ஊர்களுக்கும் தனியே வெளியிடவேண்டும்.