கொடியும் சுரங்கமும்

1960ஆம் ஆண்டை ஆபிரிக்காவின் ஆண்டு என்பர். அவ்வாண்டில் அங்கு 17 நாடுகள் விடுதலை பெற்றன. எனினும், அவ்விடுதலையின் உட்பொருளைக் கொங்கோவிலேதான் காணல் வேண்டும்.

யூன் 30இல் நடந்த சுதந்திர விழாவில் பெல்ஜிய மன்னர், தம் முன்னோரான இரண்டாம் லெயோபோல்டின் பணியைப் போற்றினார். இறப்பருக்காக மனிதரின் கைகளை வெட்டிய ஆட்சியல்லவா அது! பிரதமர் லுமும்பா, நிகழ்ச்சி நிரலில் இல்லாத உரையொன்றில், கட்டாய உழைப்பையும் அடியையும் அவமானத்தையும் மன்னர் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார்.

பதினொரு நாள்களில், செம்புச் சுரங்கங்கள் நிறைந்த கட்டாங்கா பிரிந்துவிட்டதாகச் சொம்பே அறிவித்தார். பெல்ஜியப் படையும் யூனியன் மினியேர் என்னும் சுரங்கக் கம்பனியும் அவருக்குத் துணைநின்றன. கொடியை இறக்கியவர்கள் சுரங்கத்தை விடவில்லை.

1961 சனவரி 17இல் அதே கட்டாங்காவில் லுமும்பா சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் அமிலத்தில் கரைக்கப்பட்டது. எஞ்சிய ஒரு பல்லைப் பெல்ஜியம் அவர் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது 2022இலேதான்.