விருந்தோம்பலிலிருந்து கால அட்டவணைக்கு: அயல்நாட்டில் மார்மன் இளம் மிஷனரியின் அன்றாடம், 1837–2020

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, கூடவே எந்நேரமும் இன்னொருவர். உலகின் பல நகரங்களில் மார்மன் மிஷனரிகளை மக்கள் இந்தக் கோலத்தில்தான் அறிவார்கள். இவர்களுடைய திருச்சபையின் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வீட்டைவிட்டுக் கிளம்பும் இளைஞர்கள் இரண்டு ஆண்டும் இளம்பெண்கள் பதினெட்டு மாதமும் சம்பளமில்லாமல் ஊழியம் செய்கிறார்கள். எந்த நாடு, எந்த மொழி என்பதைத் திருச்சபைத் தலைமையே முடிவு செய்கிறது. 2024 முடிவில் இப்படி ஊழியத்தில் இருந்தவர்கள் 74,000க்கும் மேல்.

காலை 6.30க்கு எழுதல், உடற்பயிற்சி, வேதவாசிப்பு, துணையோடு படிப்பு, 10 மணிக்கு வெளியே இறங்குதல், இரவு 9 அல்லது 9.30க்குத் திரும்புதல், 10.30க்கு விளக்கணைத்தல் என்ற நாளொழுங்கு இவர்களோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டது. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் திருச்சபை தோன்றிய காலம் முதலே இது இருந்துவருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இந்த ஒழுங்கு இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாக உருவானது. மிஷனரிக்குச் சோறு போட்டவர் யாரோ அவரே அவனுடைய நாளை வகுத்தார் என்பது இக்கட்டுரையின் வாதம். முதலில் அது வழியில் கதவைத் திறந்த வீட்டுக்காரர். பிறகு ஊரிலிருந்து பணம் அனுப்பிய பெற்றோர். கடைசியில் திருச்சபையின் பொது நிதி. அன்னமிட்ட கை மாற மாற, அன்றாடத்தின் வடிவமும் மாறியது.

1837 ஜூலையில் ஹீபர் சி. கிம்பல், ஆர்சன் ஹைட் முதலியோர் லிவர்பூலில் இறங்கி, பிரெஸ்டன் என்ற நெசவாலை நகருக்குப் போனார்கள். அட்லாண்டிக் கடந்து சென்ற முதல் மார்மன் மிஷனரிகள் இவர்கள். அவர்களுடைய துணைவர் ஒருவரின் அண்ணன் ஜேம்ஸ் ஃபீல்டிங் அங்கே வாக்ஸ்ஹால் சிற்றாலயத்தில் போதகராக இருந்தார். தம் பிரசங்க மேடையை அவர்களுக்குக் கொடுத்தார். தம் சபையார் அவர்கள் பக்கம் சாய்வதைக் கண்டதும் கதவை அடைத்துவிட்டார். ஜூலை 30ஆம் தேதி ரிபிள் ஆற்றில் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றனர். ஆலயம் மூடியபின் கூட்டங்கள் வீடுகளுக்கு நகர்ந்தன. எந்த வீட்டில் இடம் கிடைத்ததோ அங்கே அன்றைய பிரசங்கம், யார் படுக்கை விரித்தார்களோ அங்கே அன்றைய இரவு.

இது வறுமையால் மட்டும் வந்ததல்ல. லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை இருவர் இருவராக, பணப்பையும் சாமான் பையும் இல்லாமல் அனுப்புகிறார். 1832இல் திருச்சபையைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித் அறிவித்த வெளிப்படுத்தல் ஒன்று இக்கட்டளையைத் தம் மக்களுக்கும் உரியதாக்கியது. ஆகவே கையில் காசில்லாமல் போவது ஒரு விசுவாசச் செயல். சோறு போட்டவரே செய்தியையும் ஏற்கக்கூடியவர் என்ற நடைமுறைக் கணக்கும் அதில் இருந்தது. 1840இல் ஹியர்ஃபோர்ட்ஷியரில் ஜான் பென்போ என்ற வசதியான விவசாயியின் ஹில் ஃபார்ம் பண்ணைவீட்டில் தங்கிய வில்ஃபர்ட் உட்ரஃப், அந்த ஒரு வீட்டின் ஆதரவை வைத்தே சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்தார்.

அக்காலத்தில் போனவர்கள் இளைஞர்கள் அல்லர் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் பிள்ளைகுட்டிக்காரர்கள். 1839 செப்டம்பரில், பின்னாளில் திருச்சபைத் தலைவரான பிரிகாம் யங் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது அவருக்கு வயது 38, காய்ச்சலில் துவண்டிருந்தார், மனைவி மேரி ஆன் பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பின்னாளில் திருச்சபை குடியேறிய யூட்டாவில் மாநாட்டு மேடையிலிருந்து, முன்னறிவிப்பு எதுவுமில்லாமல் பெயர் வாசிக்கப்பட்டு அழைக்கப்பட்டவர்களும் உண்டு. ஊழியத்தின் சுமையில் பாதியை வீட்டில் தனித்து நின்ற மனைவிமார் சுமந்தார்கள். வரலாற்று நூல்கள் இன்னும் அவர்களுக்கு உரிய பக்கங்களைக் கொடுக்கவில்லை.

1852 ஆகஸ்டு 28ஆம் தேதி யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் கூடிய சிறப்பு மாநாட்டில் ஏறத்தாழ நூறு பேர் ஒரே நாளில் பல நாடுகளுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைனும் ராபர்ட் ஸ்கெல்டனும் 1853 ஜூலையில் சென்னையை அடைந்தார்கள். பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சால்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். சென்னையில் வழிப்போக்கனுக்குச் சோறு போடும் மரபுக்குக் குறைவில்லை. ஆனால் இவர்கள் பேசியதோ ஆங்கிலம். நாடியதோ வெள்ளைக்காரப் படைவீரர்களையும் அலுவலர்களையும். அந்த ஐரோப்பியச் சமூகத்தில் காசில்லாத வெள்ளைக்காரப் பிரசங்கிக்கு மதிப்பில்லை. பலதார மணத்தைத் திருச்சபை வெளிப்படையாக அறிவித்த செய்தியும் அவர்களைத் துரத்திக்கொண்டே வந்தது. பாதிரிமாரும் பத்திரிகைகளும் அதைச் சும்மா விடவில்லை. ஓராண்டில் மிகச் சிலரே ஞானஸ்நானம் பெற, 1854இல் பாலன்டைன் கப்பலேறினார். பணப்பை இல்லாப் பயணம் செல்லுபடியாக ஒரே மொழி பேசும், ஒரே வேதத்தைப் படிக்கும் ஏழைச் சமூகம் தேவை. பிரெஸ்டனில் அது இருந்தது. சென்னையின் ஐரோப்பியக் குடியிருப்பில் இல்லை.

அதே காலத்தில் நடந்த ஹவாய் ஊழியம் வேறு கதை சொல்கிறது. ஜோசப் எஃப். ஸ்மித் 1854இல் அங்கே அனுப்பப்பட்டபோது பதினைந்து வயதுச் சிறுவன். தந்தை ஹைரம் 1844இல் கொல்லப்பட்டார். தாய் மேரி 1852இல் இறந்தார். கலிபோர்னியாவில் கூலி வேலை செய்து கப்பல் செலவுக்குப் பணம் சேர்த்தான். காய்ச்சலில் கிடந்தவனை மா மஹுஹீ என்ற ஹவாய்ப் பெண் தாய்போல் பார்த்துக்கொண்டாள். மூன்று மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்திலேயே ஹவாய் மொழியில் பேசவும் ஜெபிக்கவும் கற்றான். போய் என்ற சேப்பங்கிழங்குக் களியே அன்றாட உணவு. அவனுடைய நாள் எழுந்ததும் அடங்கியதும் அந்தக் குடும்பங்களின் அடுப்போடுதான். ஆங்கிலம் பேசும் உலகத்தை விட்டு இந்த அளவுக்கு நகர்ந்ததாலேயே அந்த மொழி அவனுக்கு வந்தது என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் இவரே திருச்சபையின் ஆறாவது தலைவரானார். ஹொனலுலு துறைமுகத்தில் கண்ணிழந்த கிழவியாக வாழைப்பழங்களுடன் காத்திருந்த மா மஹுஹீயைக் கட்டிக்கொண்ட நிகழ்ச்சி மார்மன் நினைவில் ஆழப் பதிந்திருக்கிறது. ஸ்மித்தின் தொடக்ககால நாட்குறிப்புகள் 1856இல் லனாய்த் தீவில் நடந்த தீவிபத்தில் எரிந்துபோயின. அவள் எழுதி வைத்தது எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாற்றம் தொடங்கியது. நகரங்கள் பெருத்தன, பிச்சையெடுப்பதையும் அலைந்து திரிவதையும் குற்றமாக்கிய சட்டங்கள் கெடுபிடியாயின, முகம் தெரியாதவனை வீட்டில் படுக்கவைக்கும் துணிவு நகரவாசிக்குக் குறைந்தது. யூட்டாவிலோ கைப்பணம் புழங்கத் தொடங்கியிருந்தது. பிரியாவிடைக் கூட்டம் வைத்து, ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பும் வழக்கம் வேரூன்றியது. மாதாமாதம் வீட்டிலிருந்து பணம் வந்தது. மிஷனரி வாடகை அறையில் தங்கலாம், கடையில் சாப்பிடலாம். இதோடு ஆட்களின் வயதும் குறைந்தது: குடும்பத் தலைவனுக்குப் பதிலாகத் திருமணமாகாத மகன் போனான், மகளும் போனாள். 1898 ஏப்ரலில் யூட்டாவின் புரோவோ நகரத்துத் தோழிகளான ஐனெஸ் நைட்டும் ஜென்னி பிரிம்ஹாலும் லிவர்பூலில் இறங்கினார்கள். திருச்சபை முறைப்படி அனுப்பிய திருமணமாகாத முதல் பெண் மிஷனரிகள் இவர்கள். மார்மன் பெண்கள் அடிமைகள் என்ற பேச்சு அப்போது இங்கிலாந்தில் பரவியிருந்தது. அதைத் தெருமுனையில் நின்று தம் வாயால் மறுத்துப் பேசிய இவ்விருவரின் துணிவு சாதாரணமானதல்ல.

ஜப்பான் இந்த இடைக்காலத்தின் தெளிவான சான்று. 1901 ஆகஸ்டில் ஹீபர் ஜே. கிரான்ட் தலைமையில் நால்வர் யோகோஹாமா வந்தனர். அவர்களில் இளையவர் ஆல்மா ஓ. டெய்லர், அப்போதுதான் பத்தொன்பது முடிந்திருந்தது. பயிற்சிப் பள்ளியும் இல்லை, முன்னால் போய்வந்தவர்களும் இல்லை. அங்கே வந்து இறங்கியபின்தான் மொழியைக் கற்றார்கள். டெய்லர் 1910வரை அங்கேயே இருந்தார். 1904 முதல் திருச்சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். எழுத்தாளர் இகுதா சோகோ நடையைத் திருத்திக் கொடுக்க, 1909இல் நூல் அச்சேறியது. டெய்லரின் நாட்குறிப்புகள் இப்போது பதிப்பிக்கப்பட்டிருக்கின்றன. மேசையில் அமர்ந்து செய்யும் உழைப்புக்கு இவ்வளவு இடம் கொடுத்த மிஷனரி வாழ்வு இதற்கு முன் அரிது. வீட்டுப் பணம் வந்ததால்தான் அது முடிந்தது. ஆனால் மக்களின் அடுப்படிக்குள் போகும் வழி குறுகியது. 1924இல் ஜப்பான் மிஷன் மூடப்படும்வரை ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருநூறை எட்டவில்லை. மொழிச் சிரமமும் அரசியல் சூழலும் இதற்குக் காரணங்களே. தனிக் குடியிருப்பு முறையையும் அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும்.

1925இல் சால்ட் லேக்கில் மிஷன் இல்லம் திறக்கப்பட்டது. கிளம்புவதற்கு முன் சில நாள் தங்கி, பேச்சும் நடத்தையும் கற்கும் இடம் அது. பணப்பை இல்லாமல் போகும் பழைய முறை உடனே மறைந்துவிடவில்லை. 1940களின் பிற்பகுதியில், வாடகைக்கு இடம் கிடைக்காத நெருக்கடியில், நியூ இங்கிலாந்து மிஷனின் தலைவர் எஸ். டில்வர்த் யங் கோடைக்காலங்களில் தம் மிஷனரிகளைக் கைப்பணமில்லாமல் கிராமங்களுக்கு அனுப்பினார். ஆனால் காலம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 1952இல் திருச்சபை முழுவதற்குமான பாடத்திட்டம் வந்தது. 1961இல் ஆறு பாடங்கள் கொண்ட சீர்மைத் திட்டம் வந்தது. ஃபிளானல் பலகையில் படங்களை ஒட்டிக்காட்டி, மனப்பாடம் செய்த உரையாடலை ஒப்பிக்கும் முறை அது. அதை இயந்திரத்தனம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. 1960இல் ஆண்களுக்கான வயது வரம்பு இருபதிலிருந்து பத்தொன்பதுக்கு இறக்கப்பட்டதை அதோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். புது மொழியில் தடுமாறும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு மனப்பாடம் ஒரு ஊன்றுகோல். 1961 கடைசியில் புரோவோவில் மொழிப் பயிற்சி நிலையம் தொடங்கியது. மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் விசா தாமதமாகிக் காத்திருந்தவர்களுக்கு ஸ்பானிஷ் கற்பித்ததே அதன் தொடக்கம். 1978இல் அது மிஷனரிப் பயிற்சி மையமாக விரிந்தது.

சட்டைப்பையில் வைக்கும் வெள்ளை அட்டைக் கையேடு இக்கட்டத்தின் அடையாளம். மிஷனரிகள் அதை ‘வெள்ளை பைபிள்’ என்றே அழைத்தார்கள். துணையைவிட்டுத் தனியே போகக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் ஆயத்த நாள். வீட்டுக்கு வாரம் ஒரு கடிதம். தொலைபேசி கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். எந்த ஊரில், யாரோடு என்பதை மிஷன் தலைவர் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றியமைப்பார். இந்த ஒழுங்கு பலரைத் தாங்கி நிறுத்தியது. மணிக்கணக்கும் வாரக்கணக்கும் எழுதி அனுப்பும் பழக்கம் தீங்கும் செய்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் பேஸ்பால் விளையாடச் சேர்ந்த சிறுவர்களுக்கு, அவர்களும் பெற்றோரும் சரியாக விளங்கிக்கொள்ளாமலேயே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. பின்னர் அப்பெயர்களில் பல ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. வீட்டுக்காரரின் கண் பார்த்துப் பேசிய காலத்தில் இது நடந்திருக்க முடியாது. எண்ணிக்கை மேலிடத்துக்குப் போகும் முறையில்தான் இது நடந்தது. குற்றம் அந்த இளைஞர்களைவிட அவர்களைக் கணக்கிட்டவர்களுடையது.

பணத்தின் கடைசி மாற்றம் 1991 ஜனவரியில் வந்தது. அதுவரை ஜப்பானுக்குப் போனவன் குடும்பம் அதிகமாகவும் செலவு குறைந்த நாட்டுக்குப் போனவன் குடும்பம் குறைவாகவும் கட்டியது. அதன்பின் அமெரிக்கக் குடும்பங்கள் எங்கே போனாலும் மாதம் 350 டாலர் பொது நிதியில் கட்டின. 2020இல் அது 500 டாலராக இருந்தது. வாடகையும் சாப்பாட்டுக் காசும் மிஷன் அலுவலகத்திலிருந்து வந்தன. நல்ல சமநீதி ஏற்பாடு இது. அதே வேளையில், இளைஞனின் அன்றாடம் பெற்றோரிடமிருந்தும் விலகி முழுமையாக நிறுவனத்தின் கைக்குப் போனது.

2012 அக்டோபர் 6 அன்று திருச்சபைத் தலைவர் தாமஸ் எஸ். மான்சன் வயது வரம்பை ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 19 எனக் குறைத்தார். ஏறத்தாழ 58,500 ஆக இருந்த மிஷனரிகள் இரண்டே ஆண்டில் 88,000ஐ நெருங்கினார்கள். பெண்களின் பங்கு பெருகியது. வயது குறையக் குறைய ஒழுங்கு இறுகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. பதற்றமும் மனச்சோர்வும் மறைக்க முடியாதவையாகிவிட்டன. காலத்துக்கு முன்பே ஊர் திரும்பியவர்களின் அவமானத்தைப் பற்றித் திருச்சபைக்குள்ளேயே பேசத் தொடங்கினார்கள். 2017இல் நாளொழுங்கு தளர்த்தப்பட்டு, எழும் நேரத்தையும் படிக்கும் நேரத்தையும் உள்ளூர்ப் பழக்கத்துக்கேற்ப மாற்ற மிஷன் தலைவர்களுக்கு இடம் கொடுக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில், வாரந்தோறும் ஆயத்த நாளில் வீட்டோடு தொலைபேசியிலும் வீடியோவிலும் பேச அனுமதி வந்தது. இத்தனை ஆண்டு அந்தக் குரலை மறுத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது பல்லாயிரம் பேர் சொந்த நாட்டுக்கு அழைக்கப்பட்டனர். எஞ்சியவர்கள் அறைக்குள்ளிருந்து கைபேசி வழியே பாடம் நடத்தினார்கள். யாருடைய வாசலையும் மிதிக்காத மிஷனரி அன்றாடம் இந்த வரலாற்றிலேயே முதல்முறையாக அப்போது நேர்ந்தது.

வீட்டுக்காரரின் பங்கு முற்றிலும் அழிந்துவிடவில்லை. உலகெங்கும் உள்ளூர்ச் சபையார் மிஷனரிகளை இராச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார்கள். பெரு, பொலிவியா போன்ற ஆண்டிஸ் நாடுகளில் ‘பென்சியோனிஸ்டா’ என்னும் சபைப் பெண்களிடம் மிஷனரிகள் தினமும் மதியம் சாப்பிடுகிறார்கள். மிஷன் அதற்குப் பணம் கொடுக்கிறது. பலர் அவரை ‘மமீத்தா’ என்று கூப்பிடுகிறார்கள். ஊர் வழக்கப்படி மதியமே பெரிய சாப்பாடு. ஆகவே அன்றைய வேலை அந்த நேரத்தைச் சுற்றியே அமைகிறது. எந்தத் தெருவில் யார் வீட்டில் துக்கம், யார் பேச ஆசைப்படுகிறார் என்பதை அந்த மேசையில்தான் அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.