தேசவழமை

தேசவழமை என்பது இலங்கையின் வட மாகாணத் தமிழரின் ஆதனம், சீதனம், மரபுரிமை ஆகியவற்றை ஆளும் வழக்காற்றுச் சட்டம். இன்றும் நீதிமன்றங்களில் செல்லுபடியாகிறது. கண்டிச் சட்டம், முஸ்லிம் சட்டம் ஆகியவற்றோடு இலங்கையின் தனிச் சட்டங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. யாழ்ப்பாணத்தைத் தாயகமாகக் கொண்ட தமிழர் கொழும்பில் குடியிருந்தாலும் அவர்களது வாரிசுரிமையை இச்சட்டமே தீர்மானிக்கும். மட்டக்களப்புத் தமிழருக்கு இது பொருந்தாது. அங்கே முன்னர் வழங்கிய முக்குவர் வழக்கம் வேறு.

இவ்வழக்கங்கள் நெடுங்காலம் வாய்மொழியாகவே இருந்தன. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். காணி வழக்குகளைத் தீர்க்க வேண்டிய ஒல்லாந்த நீதிமன்றங்களுக்கு நாட்டு வழக்கம் எதுவென்று ஒவ்வொரு முறையும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டறிய வேண்டியிருந்தது. இந்நிலையில் ஆளுநர் கொர்னேலிஸ் யோன் சைமன்ஸ், வழக்கங்களை எழுத்தில் தொகுக்கும்படி 1706இல் கட்டளையிட்டார். பணியை ஏற்றவர் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ். முப்பத்தேழு ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்து, வழக்குகளையும் பிணக்குகளையும் நேரில் கண்ட அதிகாரி அவர். 1707 சனவரியில் ஒல்லாந்த மொழியில் தொகுப்பை முடித்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, சரிபார்ப்பதற்காக உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதைப் படித்து, நாட்டு வழக்கம் இதுவே என ஒப்புதல் தந்தனர். முதலியார்கள் அனைவரும் காணியுடைய மேற்குடியினர். பெண்களிடமோ உழுதவர்களிடமோ யாரும் கேட்கவில்லை. நூலைப் படிப்போர் இதை மனத்திலிருத்த வேண்டும்.

ஆதனம் மூவகைப்படும். தகப்பன் வழியாக வருவது முதுசம். மணமகளோடு வருவது சீதனம். மணவாழ்க்கையின்போது இருவரும் ஈட்டுவது தேடியதேட்டம். முற்காலத்தில் முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் இறங்கியது. தாயின் காணி மகளுக்கு, மகளின் காணி பேத்திக்கு என்று பெண்வழியில் சென்ற இந்த ஒழுங்கில் மலையாளக் கரையின் மருமக்கள்தாய முறையின் தடம் தெரிகிறது. போர்த்துக்கேயர் காலத்தில் இப்பிரிவு கலைந்தது. பெற்றோர் மூவகை ஆதனத்திலிருந்தும் சீதனம் கொடுக்கத் தொடங்கினர். சீதனம் பெற்று மணமுடித்த மகள் அத்தோடு நிறைவடைய வேண்டும். எஞ்சியதில் பங்கு கேட்க முடியாது. இவ்விதியை வைத்துச் சீதனத்தை வெறும் மணக்கொடை என்று எழுதிவிடுவோர் உளர். அது தவறு. சீதன உறுதியில் எழுதப்பட்ட காணி பெண்ணின் பெயரிலேயே நின்றது; கணவனின் முதுசத்தோடு கலக்கவில்லை. பெண்ணுக்குக் காணி உடைமையே இல்லாதிருந்த பல சமூகங்களோடு ஒப்பிட இதன் அருமை விளங்கும். ஆனால் அந்தக் காணியை அவள் தன்விருப்பப்படி கொடுக்க முடியாது. மனைவி கணவனுக்குக் கட்டுப்பட்டவள் என்பதால் அவனது சம்மதம் வேண்டும் என்று தொகுப்பே கூறுகிறது. உரிமையைத் தந்த நூலே அதன் பயனையும் குறைத்துவிட்டது.

ஆண்மக்களையும் தொகுப்பு கட்டியே வைத்தது. மணமாகாத மகன் உழைப்பது யாவும் பெற்றோரின் பொது ஆதனத்தில் சேரும். அவன் அணிந்திருக்கும் பொன், வெள்ளி நகைகள் மட்டும் விலக்கு. தகப்பன் இறந்தால் தாய் பிள்ளைகளையும் ஆதனத்தையும் வைத்துப் பராமரிப்பாள். பெற்றோர் பட்ட கடனைத் தீர்ப்பது மகன்மார் பொறுப்பு.

பிள்ளை தத்தெடுக்கும் முறை நுணுக்கமாகச் சொல்லப்பட்டுள்ளது. தத்தெடுப்பவர் முதலில் தம் சகோதரர்களுக்கும் மற்ற உரித்தாளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். உறவினர் கூடிய இடத்தில், வண்ணாரும் அம்பட்டரும் சாட்சியாக நிற்க, தத்தெடுப்பவர் மஞ்சள் நீர் குடிப்பார். சம்மதிக்கும் உரித்தாளிகள் அந்நீரில் விரல் தோய்ப்பர். விரல் தோய்க்காதவரின் வாரிசுரிமை குறையாது. எழுத்தறியாத ஊரில் ஆவணத்துக்கும் ஒப்பத்துக்கும் இதைவிடத் தெளிவான மாற்று இருந்திருக்க முடியாது. 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பின் இம்முறைக்கு வேலையில்லாமற் போயிற்று.

காணி விற்பனையில் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அயற்காணிக்காரருக்கும் சில நிலைகளில் அவ்வுரிமை இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் விற்பனை அறிவித்தல் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது. காணியை ஒற்றி வைத்தால், வட்டிக்குப் பதிலாக ஒற்றி பிடித்தவர் விளைச்சலை அனுபவிப்பார்.

தொகுப்பில் அடிமைகளுக்கும் ஒரு பிரிவு உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோர் அதில் உடைமைகளாகக் கணக்கிடப்பட்டனர். மனிதரை ஆடுமாடுபோல் கைமாற்றிய இவ்விதிகளை நாட்டு வழக்கம் என்று சொல்லி மென்மையாக்குவது நேர்மையன்று. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது. பிந்திய விளக்க நூல்கள் பல இப்பிரிவை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் தேசவழமைக்கு முழுச் சட்ட வலு அளித்தனர். நூற்றாண்டுக்கு முந்திய தொகுப்பு அவ்வாறே சட்டமானதால், காலத்தோடு மாறிவந்த வழக்கம் எழுத்தில் இறுகிவிட்டது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மரண சாதனம் எழுதும் முழுச் சுதந்திரத்தைக் கொடுத்தது. ஆகவே தேசவழமைக்கு உட்பட்டவரும் தம் ஆதனத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். எழுதாமல் இறந்தால் மட்டுமே வாரிசு விதிகள் வேலை செய்யும். மரண சாதனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும்.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கணவன், மனைவி இருவரின் தனி ஆதனங்களையும் வரையறுத்தது. மனைவி தன் அசையும் ஆதனத்தைத் தானே கையாளலாம். காணி, வீட்டை உயிரோடிருக்கும்போது கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை, அது கிடைக்காதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தம் தேடியதேட்டத்துக்குப் புது வரைவிலக்கணம் தந்தது. இறந்தவரின் தேடியதேட்டத்தில் மரண சாதனத்தாலோ வேறு வகையிலோ கொடுக்கப்படாததில் பாதி எஞ்சிய துணைக்கும் பாதி வாரிசுகளுக்கும் செல்லும். அதே ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் முதலில் வாங்கும் உரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்குமாகச் சுருக்கியது.

கணவனின் சம்மத விதி உள்நாட்டுப் போருக்குப் பின்னரும் நீடித்தது. அப்போரில் கணவன் காணாமற்போன பெண், தன் சீதனக் காணியை விற்பதற்கும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.