எயினர் குரம்பையும் முன்றிலும்: வேட்டுவர் மனையின் அமைப்பும் சொற்களும்



1. ஒரு மாணவியின் கேள்வி

ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்கும்போது நாம் புரவலனின் கொடையையும் பாணனின் வறுமையையும் விரித்துரைக்கிறோம். வழியிடையே வரும் மனைகளையோ விரைந்து கடந்துவிடுகிறோம். ‘எயினர் குரம்பை’ என்பதற்கு ‘வேடர் குடிசை’ என்று பொருள் எழுதி, அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுவது நம் வழக்கம். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தோம்.

ஒருமுறை வகுப்பில், பெரும்பாணாற்றுப்படை கூறும் செய்திகளை மட்டும் கொண்டு எயினர் மனைக்கு ஒரு தரைப்படம் வரையுமாறு மாணவர்களைக் கேட்டோம். படுக்குமிடம், அடுப்பு, கிணறு, மரநிழல் என எல்லாவற்றையும் குறித்த மாணவி ஒருவர், “ஐயா, வேட்டையில் கிடைத்த விலங்கை எங்கே அறுத்தார்கள்?” என்று கேட்டார். “முன்றிலில்தான்” என்று உடனே விடை கூறினோம். அன்றிரவு நூலை மீண்டும் புரட்டியபோது, அவ்வாறு கூற நமக்குச் சான்று எதுவும் இல்லை என்பது புலப்பட்டது. அந்தக் கேள்விக்கு முறையான விடை தேடும் முயற்சியே இவ்வுரை.

வேட்டுவர் உறைவிடம் என்பது வாழும் இடமும் தொழில் செய்யும் இடமும் ஒன்றாக அமைந்த கட்டடம். குழந்தை உறங்க வேண்டும். வில்லும் வலையும் ஈரம் படாமல் இருக்க வேண்டும். ஊன் கெடாமல் காக்கப்பட வேண்டும். குருதி நாற்றம் உறங்கும் இடத்தை அணுகக் கூடாது. எந்நாட்டு வேட்டைக் குடிலுக்குத் திட்டமிடுவோரும் இந்நான்கையும் எண்ணியே தீர வேண்டும். நம் முன்னோர் இவற்றை எவ்வாறு தீர்த்தனர் என்பதைச் சொற்களின் வழியே காண்போம்.

2. பெரும்பாணாற்றுப்படை காட்டும் இரு மனைகள்

பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு பாடியது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889ஆம் ஆண்டில் பதிப்பித்த பின்னரே இந்நூல் பரவலாகக் கற்போர் கைக்கு வந்தது.

இந்நூலில் எயினரின் உறைவிடங்கள் இரண்டு பேசப்படுகின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது நாம் செய்யும் முதற்பிழை.

முதலாவது குரம்பை. ஈந்தின் இலையால் வேயப்பட்டது. அதன் கூரை முள்ளம்பன்றியின் முதுகுபோல் காட்சியளிப்பது. ‘எய்’ என்னும் பழஞ்சொல் முள்ளம்பன்றியைக் குறிக்கும். ஈந்தின் கூர்மையான இலை நுனிகள் புறத்தே சிலிர்த்து நிற்பதையே புலவர் இவ்வாறு கண்டார். உள்ளே, மான்தோற் படுக்கையில், பிள்ளை பெற்றவள் குழவியோடு முடங்கிக் கிடக்கிறாள். ஏனைய எயிற்றியர் இரும்பு முனை பொருத்திய கோல்களால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி தேடிக் கொணர்கின்றனர். முன்றிலில் விளாமரம் நிற்கிறது; அதன் அடியில் பார்வைமான் கட்டப்பட்டிருக்கிறது. அந்நிழலில் நிலத்தையே குழித்து அமைத்த உரலில் அரிசியைக் குற்றுகின்றனர். ஆழ்ந்த கிணற்றில் ஊறும் உவர்நீரை முகந்து, வாய் சிதைந்த பழம்பானையை முரிந்த அடுப்பிலேற்றிச் சமைக்கின்றனர். வாடூனோடு கூடிய அவ்வுணவு விருந்தினர்க்குத் தேக்கிலையில் படைக்கப்படுகிறது.

இரண்டாவது குறும்பு. இது குடும்பம் வாழும் குடில் மட்டும் அன்று. படைக்கலக் காப்பும் உடைய அரண். முள்வேலியும் காவற்காடும் சூழ்ந்தது. குறுக்குமரம் செறித்த கதவினையும் கூரிய கழுமரங்கள் நிரைத்த வாயிலினையும் உடையது. உள்ளே ஊகம்புல் வேய்ந்த உயர்ந்த மனை. நாண் ஏற்றிய வில்லும் அம்பும் அங்கே கிடக்கின்றன. திரண்ட கால்களை உடைய பந்தரில் துடி தொங்குகிறது; அம்புக் கட்டுகள் மலைத் தேனடைபோல் தூங்குகின்றன. நாய்கள் தொடரால் பிணிக்கப்பட்டுள்ளன. இங்கு விருந்தினர்க்குக் கிடைப்பது, மேட்டு நிலத்தில் விளைந்த நெல்லின் செந்நிறச் சோறும், நாய் பிடித்துக் கொணர்ந்த உடும்பின் பொரியலும் ஆகும்.

‘குறும்பு’ என்னும் சொல்லை இன்றைய மாணவர் பிள்ளைகளின் சேட்டை என்ற பொருளிலேயே அறிவர். சிற்றரணைக் குறித்த சொல், அவ்வரணிலிருந்து பிறரை அலைக்கழித்தோரின் செயலைக் குறித்துப் பின்னர் இப்பொருளை அடைந்தது எனக் கருத இடமுண்டு. வகுப்பில் இச்சொல்லைக் கடக்கும்போது இவ்விரு பொருளையும் சேர்த்துக் காட்டினால், ஒரு கட்டடத்தின் வரலாறும் ஒரு சொல்லின் வரலாறும் ஒருங்கே விளங்கும்.

3. முன்றில்: தொழிலிடத்தின் பெயர்

குரம்பையின் உட்புறம் உறங்குவதற்கு மட்டுமே பயன்பட்டது. தொழில் அனைத்தும் முன்றிலில் நிகழ்ந்தது. ‘இல்லின் முன்’ என்பதே ‘முன்றில்’ என முன்பின்னாக மாறி நின்றது. இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாக இச்சொல்லை நாம் தேர்வுக்குக் கற்பிக்கிறோம். ‘முன்’ என்பதன் பின் ‘இல்’ வருமிடத்து றகர ஒற்று தோன்றும் எனத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் தனி விதியே வகுத்துள்ளது. ஒரு சொல்லுக்கெனத் தனி விதி வேண்டப்பட்டதென்றால், அச்சொல் அன்றாட வழக்கில் எத்துணை வலுவாக இருந்திருக்க வேண்டும்!

இதற்கு இரண்டாவது சான்று புறநானூற்றின் 320ஆம் பாட்டு. பாடியவர் வீரை வெளியனார். அங்கும் ஒரு வேட்டுவன் மனை, அங்கும் முன்றில். முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து, தனியே பந்தர் இடவேண்டாதவாறு நிழல் தருகின்றன. வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். கட்டப்பட்ட பெண்மானோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. அதனைக் கண்ட மனைவி, கணவன் விழித்துவிடுவானோ, கலைமான் பிரிந்துவிடுமோ என இரண்டிற்கும் அஞ்சி அசையாது நிற்கிறாள். அவ்வமைதியில், மான்தோலில் உலரவிட்ட தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்து தின்கின்றன. மனையவளின் அருளைக் காட்டும் பாட்டு இது. நமக்கோ, ஒரு தரைப்படத்தின் விவரங்களையும் தருகிறது: நிழல், பார்வைமான், தானியம் உலர்த்தும் தோல், சந்தன விறகின் நெருப்பில் சுட்ட இறைச்சி.

‘பார்வை’ என்பது இங்கே கண்ணால் காணுதலைக் குறிக்கவில்லை. காட்டு விலங்குகளை ஈர்த்துப் பிடிப்பதற்காகப் பழக்கி வைத்த விலங்கினைக் குறிக்கும் தொழிற்சொல் அது. பெரும்பாணாற்றுப்படையிலும் புறநானூற்றிலும் அது முன்றிலிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

4. எங்கே அறுத்தனர்?

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். வெவ்வேறு புலவர் பாடிய இவ்விரு பாட்டிலும் முன்றிலில் உயிருள்ள மான் நிற்கிறது. குருதி நாற்றம் வீசும் இடத்தில் மானை அமைதியாக நிறுத்துதல் அரிது. காட்டு மானை அங்கே வரவழைத்தல் அதனினும் அரிது. தானியம் குற்றுமிடமும் உலர்த்துமிடமும் அதுவே. ஆகவே, விலங்கை அறுக்கும் இடம் முன்றிலாக இருந்திருக்கும் என்ற நம் முதல் விடை பொருந்தவில்லை.

நூலிலேயே மற்றொரு குறிப்பு உண்டு. மானின் அடிச்சுவடு பதிந்த வழிகளினருகே, நீருண்ண வரும் காட்டுப்பன்றியை எதிர்நோக்கிக் கானவர் குழிகளில் இரவில் பதுங்கியிருக்கின்றனர். அவ்வேட்டை வாய்க்காதபோது, பகலில் நாய்களோடு புதர்களை அடித்து, வேலிகளில் வலை மாட்டி, குறுமுயல்களை வளைத்துப் பிடிக்கின்றனர். பிடித்தவற்றைக் காட்டிலேயே கூடி உண்கின்றனர் என்கிறது நூல். அங்கே ‘கடறு’ என்ற சொல் காட்டைக் குறிக்கிறது.

இதிலிருந்து நாம் கருதுவது இது: அறுத்தலும் பங்கிடலும் பெரும்பாலும் வேட்டைக் களத்தை ஒட்டியே நிகழ்ந்தன, மனைக்கு வந்தது துண்டங்களாக்கிய ஊன், அல்லது உலர்த்திய ஊன். குரம்பையில் சமைக்கப்படுவது வாடூனாக இருப்பது இதனோடு இயைகிறது. ஆயினும் இது நம் உய்த்துணர்வேயன்றி நூலின் கூற்று அன்று. ‘நூல் கூறுவது இது, நாம் ஊகிப்பது இது’ என்ற பிரிப்பினை மாணவர்க்குக் காட்டாவிடின், அவர்கள் ஊகத்தையும் சான்றாகவே எழுதுவர். அன்று வகுப்பில் நாம் செய்த பிழையும் இதுவே.

5. ஊனைக் காத்தல்

குளிர்நாட்டு வேட்டைக் குடில்களில், விலங்கை முழுமையாகத் தொங்கவிட்டுச் சில நாள் வைத்திருக்க இயலும்; அதற்கெனக் காற்றோட்டமுள்ள தனியறை கட்டுவர். வெப்பநாட்டில் அது இயலாது. அறுத்த சில மணி நேரத்துக்குள் ஊனின் ஈரத்தைப் போக்கியாக வேண்டும். அதற்கு வழிகள் வெயில், புகை, உப்பு ஆகியவையே.

‘வாடூன்’ என்பது வினைத்தொகை. வாடிய ஊன், வாடுகின்ற ஊன், வாடும் ஊன் என முக்காலத்துக்கும் விரியும். இதே ‘வாடு’ என்னும் வேர் ‘கருவாடு’ என்பதில் இன்றும் வாழ்கிறது. ‘உணங்கு’ என்பது தானே உலர்தல். ‘உணக்கு’ என்பது உலரச் செய்தல். உப்பிட்டு உலர்த்திய இறைச்சித் துண்டு ‘உப்புக்கண்டம்’. கருவாட்டை அறியாத தமிழ்ப்பிள்ளை இல்லை. உப்புக்கண்டம் என்றால் என்னவென்று கூறத்தக்க பிள்ளைகள் இன்று குறைந்து வருகின்றனர்.

நான்காவது வழி ஒன்றும் உண்டு. இலங்கையில் நெடுங்காலம் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ், 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் வேடர்களைப் பற்றி எழுதியுள்ளார். அவர்கள் மரத்தைக் குடைந்து தேனூற்றி, அதில் இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் வாயை அடைத்து, பஞ்ச காலத்துக்கென வைத்தனர் என்பது அவர் தரும் செய்தி. காட்டு மரமே அவர்களுக்குக் களஞ்சிய அறையாயிற்று.

6. பொந்தியான் மண்ணில்

இதுவரை கண்டவை வறண்ட நிலத்து மனைகள். நாம் கூடியுள்ள பொந்தியானின் நிலம் வேறு. ஜொகூரின் தென்மேற்குக் கரையில் தாழ்ந்து கிடக்கும் இம்மாவட்டத்தில் கரி மண்ணும் சதுப்பும் மிகுதி. அக்கரி மண்ணே அன்னாசிக்கு ஏற்றதாயிற்று. பெக்கான் நெனாஸ் என்னும் ஊர்ப்பெயரே அதற்குச் சான்று. தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய சதுப்பு நிலங்கள் 2003ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இத்தகைய நிலத்தில் நிலவுரலைக் குழித்தால் நீர் ஊறி நிரம்பும். மண்தரையில் மான்தோல் விரித்தால் விடிவதற்குள் ஈரமாகும். ஆகவே இங்குத் தரை மேலெழுந்தது. குக்குப்பில் மீனவர் வீடுகள் நீர்மேல் கால்நாட்டி நிற்பதை நீங்கள் அறிவீர்கள். தீபகற்பத்துப் பழங்குடியினர் குறித்து ஸ்கீட், பிளாக்டன் இருவரும் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். இடம்பெயர்ந்து திரியும் செமாங் மக்கள் ஓலைச் சாய்ப்புகளை அமைத்தனர். ஜக்குன் மக்கள் தூண்கள்மேல் வீடு கட்டினர். உறங்குமிடம், நெருப்பு, உலர்த்துமிடம் என்னும் தேவைகள் எயினர்க்கும் இவர்க்கும் பொதுவே. வடிவத்தைத் தீர்மானித்தது மண்.

மலாய்மொழியில் இறைச்சியையும் மீனையும் நெருப்பின்மேல் புகையூட்டி வாட்டுதலைச் ‘சாலாய்’ என்பர். அடுப்பின்மேல் அமைக்கும் தட்டினைப் ‘பாரா’ என்பர். நம் ‘பரண்’ என்னும் சொல்லோடு அது ஒலியால் நெருங்கி நிற்பதைக் கண்டு, உடனே உறவு கற்பிக்க வேண்டா. ‘கடை’ என்பது ‘கெடாய்’ ஆனதற்கு வணிக வரலாறு துணை நிற்கிறது. பரணுக்கு அத்தகைய துணை நமக்குக் கிட்டவில்லை. ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது என்பதை மாணவர்க்கு உணர்த்த இவ்விரு சொற்களும் நல்ல இணை.

7. நாம் செய்யத்தக்கது

வேட்டையை மீட்டெடுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமமின்றி வேட்டையாடுவதைத் தடுக்கிறது. கண்ணி வைப்பதும் குற்றமாகும். அது தேவையான சட்டமே. நாம் கவலுறுவது சொற்களைப் பற்றி. தொழில் நிற்கும்போது, அதன் சொற்களை எழுதி வைப்போர் இல்லையெனில், பழைய பாட்டின் பொருளும் நம்மை விட்டு நீங்கிவிடும். ‘பார்வை’ இன்னதென்று அறியாத மாணவர்க்குப் புறநானூற்றின் அப்பாட்டு எவ்வாறு விளங்கும்? உரையாசிரியர் எழுதி வைத்தமையால்தான் நாமும் அதனை அறிந்தோம்.

ஆகவே ஆசிரியர்களிடம் இரு வேண்டுகோள்கள். முதலாவது, எயினர் பகுதியைக் கற்பிக்கும்போது மாணவரைத் தரைப்படம் வரையச் செய்யுங்கள். நூல் கூறியதை மையாலும் ஊகித்ததைப் பென்சிலாலும் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, இம்மாவட்டத்துத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களது வீட்டின் ஒவ்வோர் இடத்தையும், இறைச்சியையும் மீனையும் காத்த ஒவ்வொரு முறையையும் அவர்கள் என்ன சொல்லால் அழைத்தனர் எனக் கேட்டு எழுதி வரச் செய்யுங்கள். தமிழ்ச்சொல்லாயினும் மலாய்ச்சொல்லாயினும் அவர்கள் சொன்னவாறே எழுதட்டும். சொன்னவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயரும் கேட்ட நாளும் அதனருகே இருக்கட்டும்.

அம்மாணவிக்கு நாம் அடுத்த வாரமே விடை கூறினோம்: “நூல் அதனைச் சொல்லவில்லை, காட்டிலேயே அறுத்திருப்பர் என்று கருத இடமிருக்கிறது.” அவர் தம் படத்தில் முன்றிலுக்கு வெளியே, காட்டின் ஓரத்தில், பென்சிலால் ஒரு சிறு வட்டம் இட்டார்.