திருக்கோவில் வழியாகச் செல்லும் பாதை

அறுகம்குடாவில் அலைச்சறுக்கு விளையாட வருகின்ற வெளிநாட்டவர்களும், விடுமுறையில் தாயகம் திரும்புகின்ற நம்மவர்களும் திருக்கோவிலை வாகனத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டே கடந்து செல்கின்றனர். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடைகின்ற ஏ4 நெடுஞ்சாலையில், அக்கரைப்பற்றுக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தொலைவில் இவ்வூர் உள்ளது. பத்திரிகைப் பணியின் நிமித்தம் இக்கரையோரத்தில் பலமுறை பயணம் செய்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இப்பிரதேசத்தின் வரலாற்றைக் கட்டடங்களில் மட்டும் தேடுபவருக்குக் கிடைப்பது சொற்பம். நடந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது மிகுதி.

முதலில் கோவிலையே எடுத்துக்கொள்வோம். கடலைப் பார்த்து நிற்கும் ஸ்ரீ சித்திரவேலாயுத சுவாமி கோவில், மட்டக்களப்புத் தேசத்தின் 'தேசத்துக்கோவில்'களில் ஒன்று. தேசத்துக்கோவில் என்பது ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. பல ஊர்களும் பல குடிகளும் அதில் உரிமையும் கடமையும் பங்கிட்டுக்கொள்ளும். சூரசங்காரத்தின் பின் முருகனின் வேலிலிருந்து பிரிந்த கதிர்கள் தங்கிய இடங்களில் இதுவும் ஒன்று என்பது ஐதீகம். இப்பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டொன்று விஜயபாகு என்னும் மன்னனின் பெயரால் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிங்கள மன்னன் ஒருவனின் ஆட்சியாண்டைக் குறித்து, சைவக் கோவிலுக்கு அளித்த கொடையைத் தமிழில் பொறித்த கல் அது. இன்று இனத்துக்கொரு வரலாறு எழுதுகின்றவர்கள் அக்கல்லின் முன் சற்று நேரம் நின்றால் நன்று.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டத் தொடங்கினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், அதை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்களுடைய காலத்தில் இக்கோவில் இடிபட்டது என்ற நினைவு ஊரில் இன்றும் அழியாமல் இருக்கிறது. ஆடி அமாவாசையன்று கடலில் தீர்த்தமாடுவதற்காக ஊர் ஊராக மக்கள் இங்கே வந்து சேரும் வழக்கமும் அவ்வாறே நிலைத்திருக்கிறது.

வடக்கே சென்றால் தம்பிலுவில். அங்குள்ள கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடைபெறும். சிலப்பதிகாரத்தின் நாயகி தெய்வமாக ஆண்டுதோறும் குளிர்விக்கப்படுகின்ற கரை இது. அதற்கப்பால் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர் என்று முஸ்லிம் ஊர்கள் தொடர்கின்றன. பின்னர் 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு. அதையடுத்து சாய்ந்தமருதும் கல்முனையும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேற்றம் நடைபெறுகிறது.

இந்த ஊர்களுக்கிடையே சைக்கிளில் மெதுவாகப் போகின்றவருக்கு ஓர் உண்மை புலப்படும். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை ஒன்றுபோலவே இருக்கிறது. திருமணத்தின் பின் கணவன் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். குடி தாய் வழியே பிள்ளைக்கு வரும். கோவிலில் குடிகளின் சார்பில் நிற்பவர் வண்ணக்கர். பள்ளிவாசலில் நிற்பவர் மரைக்காயர். பெயர் வேறு, ஏற்பாடு ஒன்று. வயலும் களப்பும் கடலும் இவர்களுக்குப் பொதுவாக இருந்ததன் விளைவு அது.

ஆனால் பத்திரிகையாளன் இவ்வளவுடன் நிறுத்திக்கொள்ள இயலாது. 1990 ஜூனில் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார், திருக்கோவிலுக்கு அண்மையிலுள்ள றூபஸ்குளக் காட்டில் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். வீரமுனைக் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களும் கொல்லப்பட்டனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை மதம் பார்க்கவில்லை. இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவற்றை விடுத்துக் கோவில்களையும் கடற்கரையையும் மட்டும் வருணிப்பது சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் ஆகுமேயன்றி வரலாறு ஆகாது.

இவை அனைத்தையும் இணைக்கும் ஒன்று எது என்று கேட்டால், கதிர்காமப் பாதயாத்திரை வழி என்பேன். வடக்கிலிருந்தும் மூதூர், வெருகல் பக்கமிருந்தும் வருகின்ற அடியார்கள் மண்டூரையும் திருக்கோவிலையும் தரிசித்துத் தெற்கே நடக்கின்றனர். கோமாரியை அடுத்த சங்கமன்கண்டி முனை இலங்கைத் தீவின் கிழக்கு எல்லை. பின்னர் பொத்துவில், சிங்களவரும் தமிழரும் கலந்து வாழ்கின்ற பாணமை, பாறைக்குன்றின் அடியில் உகந்தை முருகன் கோவில். அங்கிருந்து காடு. குமுக்கன், நாவலடி, வியாழை, கட்டகாமம் என்பவை அடியார்கள் தங்கிச் செல்லும் இடங்களின் பெயர்கள். யானையும் கரடியும் உலவுகின்ற வனத்தில் 'அரோகரா' என்ற குரலே அவர்களுக்குத் துணை.

போர்க்காலத்தில் 1985 முதல் 2003 வரை குமண வனப் பூங்கா மூடப்பட்டிருந்தது. இன்று காட்டுவழி, கதிர்காம ஆடிவேல் விழாவையொட்டிச் சில நாட்கள் மட்டும் திறக்கப்படுகிறது. வனத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பல நூற்றாண்டுகளாகக் காலால் தேய்ந்த வழி, ஆண்டுதோறும் அனுமதிக்காகக் காத்திருக்கும் சலுகையாகச் சுருங்கிவிடலாகாது என்பதே என் கவலை.

தென் பிரான்சில் சென் கிலேம் லெ டெசேர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஸ்பெயினிலுள்ள சந்தியாகோவுக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் வழியில் அமைந்த ஊர் அது. அதன் பழைய மடாலயத்தின் தூண்கள் பல பெயர்த்தெடுக்கப்பட்டு இப்போது நியூயோர்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆயினும் பிரான்சிலுள்ள அந்த யாத்திரை வழிகள் 1998இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வழிகாட்டிக் குறியீடுகளைப் பின்பற்றி, பக்தி உள்ளவரும் இல்லாதவரும் மலைப்பாதையில் நடக்கின்றனர். கட்டடம் சிதைந்த பின்னரும் பாதையே மரபுரிமை என்று ஒரு தேசம் ஏற்றுக்கொண்டது. நம் பாதைக்கு அத்தகைய பட்டியல் எதுவுமில்லை. தங்குமடம் எது, நன்னீர் ஊற்று எங்கே, எந்தப் புளியமரத்தடியில் சமைப்பது என்பதெல்லாம் வயோதிப அடியார்களின் நினைவிலேயே இருக்கின்றன.

எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என்னும் பழைய ஏட்டு வரலாற்றைப் பதிப்பித்தார். வீ.சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால் பலவும் மறைந்திருக்கும். இந்த நடைவழிக்கும் அத்தகைய பதிவு ஒன்று வேண்டும். தமிழில் மட்டுமன்றிச் சிங்களத்திலும், பாணமை மக்களையும் பொத்துவில் முஸ்லிம்களையும் கேட்டறிந்து எழுதப்பட்ட பதிவாக அது இருக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் ஆல்ப்ஸ் மலைத்தொடரிலும் ஸ்பெயின் யாத்திரை வழியிலும் நடக்கின்ற நம் இளைஞர்கள் பலரை நான் அறிவேன். அடுத்த முறை அறுகம்குடாவுக்குச் செல்லும்போது திருக்கோவிலில் இறங்குங்கள். ஆனி, ஆடி மாதங்களாயின் உகந்தை வரையாவது அடியார்களுடன் நடவுங்கள். அவர்களுள் முதியவர் ஒருவரிடம் தங்கும் இடங்களின் பெயர்களைக் கேட்டு, அவர் சொல்லும் வரிசையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.